தேரிவிளாகத்துப் பள்ளிக்கூடம் உயர்ந்த கதை

தேரிவிளாகத்து ஊர்ப்பொதுப் பள்ளிக்கூடம் தரையை விட்டு முதன்முதலாக ஒரு சாண் உயர்ந்தது, ஸ்மார்ட் போர்டுக் கட்டணத்துக்குத் தீர்மானம் நிறைவேறிய மறுநாள் காலையில். பிள்ளைகளுக்கு முன்னால் வந்த காவலாளி, வாசற்படிக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு கோழி நுழைந்து அந்தப் பக்கம் போவதைப் பார்த்துவிட்டு, வருகிறவர்களுக்குக் கால் தடுக்குமே என்று ஒரு செங்கல்லை எடுத்து வாசலில் போட்டார். அதற்குமேல் அதில் யோசிக்க அவருக்கு ஒன்றும் தென்படவில்லை.

அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் தங்கபுஷ்பமும் ஒருத்தி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான்கு மிஷின் போட்டுத் தையல் கடை வைத்திருந்தவள், மகள் வைஷாலி ஒன்பதாம் வகுப்புப் படித்தாள், புருஷன் மஸ்கட்டில் இருந்தான். பள்ளிக் குழுவில் பெற்றோர் சார்பில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, கேள்வி கேட்க நேரமில்லாத பெண் யார் என்று குழுவினர் ஊர் முழுக்கத் தேடி, பொங்கலும் தீபாவளியும் கல்யாண முகூர்த்தமுமாக மூச்சுவிட முடியாமல் தைத்துக்கொண்டிருந்த அவளைக் கண்டுபிடித்து, மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். போன வருஷம் வாங்கின கம்ப்யூட்டர்கள் இன்னும் அட்டைப்பெட்டிக்குள்தானே இருக்கின்றன, அதற்குள் போர்டு எதற்கு என்று கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துச் சுண்டலும் காபியும் வந்தன, பக்கத்திலிருந்தவர் கை உயர்ந்தது, அடுத்தவர் கை உயர்ந்தது, ஒருவர் கொட்டாவி விட்டால் எல்லோருக்கும் கொட்டாவி வருவதுபோல அவள் கையும் தானாக உயர்ந்தது.

வாத்தியார்களுக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுத்தது. மற்ற செலவெல்லாம் குழுவின் பொறுப்பு. குழு என்றால் தாளாளர் வேலாயுதபெருமாள், பொருளாளர் ஞானதிரவியம், இவர்கள் இரண்டு பேரும் தலையாட்டினால் தானும் தலையாட்டுகிற நாலைந்து பெரிய மனிதர்கள். தாளாளர் சிமெண்டு வியாபாரம் செய்தார், அதனால் பள்ளிக்கூடத்தில் என்ன குறை என்று கேட்டால் சிமெண்டு பூசாத இடமெல்லாம் அவர் கண்ணுக்குக் குறையாகத் தெரிந்தது. பொருளாளர் பந்தல் கடை வைத்திருந்தார். ஆண்டு விழா, விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பழைய மாணவர் சந்திப்பு என்று பந்தல் போடாத மாதத்தை அவர் வீணான மாதமாகக் கருதினார்.

நூற்றாண்டு வளைவுக்குக் கட்டணம் போட்டார்கள், பள்ளிக்கூடம் முழங்கால் உயரம் ஏறியது. டைரிக்கும் அடையாள அட்டைக்கும் கட்டணம் போட்டார்கள், இடுப்பு உயரம் ஏறியது. ஆளுமை வளர்ச்சிக் கட்டணம் என்று ஒன்றைப் போட்டார்கள், அது என்னவென்று யாருக்கும் தெரியாவிட்டாலும் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்திருந்தது, அது அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்குப் போய், அஸ்திவாரக் கற்களில் ஒட்டியிருந்த செம்மண்ணை உதிர்த்துக்கொண்டு நின்றது. பின்னாலிருந்த கழிப்பறை மட்டும் தரையிலேயே நின்றது. அதற்காக யாரும் எந்தக் காலத்திலும் எந்தத் தீர்மானமும் போட்டதில்லை என்பதால் அதற்கு உயரக் காரணம் இருக்கவில்லை.

ஊர் இதை நல்லபடியாகவே எடுத்துக்கொண்டது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் இரண்டு மாடி என்று அதுவரை பேசப் பயந்தவர்கள், எங்கள் பள்ளிக்கூடம் ஒரு மாடிதான், ஆனால் உங்களுடையதன் மொட்டை மாடியை விட உயரம் என்று சம்பந்தி வீடுகளில் பேசத் தொடங்கினார்கள். சிங்கப்பூரிலிருந்த பழைய மாணவர் ஒருவர் அது அந்தரத்தில் நிற்கிற படத்தைத் தன் வாட்ஸப் முகப்பில் வைத்துக்கொண்டார். கட்டடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்த எஞ்சினியர், கட்டும்போது அஸ்திவாரம் மண்ணில் இருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது, அதன் பிறகு எங்கே இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு இளநீர் குடித்துப் போனார். கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர் கீழே நின்றபடியே சுற்றிப் பார்த்து, தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருந்தது. ஆடுகளுக்கு மத்தியான நிழல் கிடைத்தது என்பதில் கோனார் தெருவுக்குப் பரம திருப்தி.

பிள்ளைகள் ஏறிப் போக ஏணி வேண்டுமே என்ற பேச்சு வந்தபோது பொருளாளர் தன் பந்தல் கடை ஏணிகளை வாடகைக்குத் தரப் பெருந்தன்மையோடு முன்வந்தார். அந்த வாடகைக்காக ஏணிக் கட்டணம் என்று ஒரு தீர்மானம் போட்டார்கள், அதனால் பள்ளிக்கூடம் இன்னும் ஒரு முழம் ஏறியது, அதனால் ஏணி எட்டவில்லை, அதனால் நீள ஏணி வாங்கக் கூடுதல் ஏணிக் கட்டணம் போட்டார்கள், அதனால் இன்னும் ஒரு முழம் ஏறியது. மூங்கிலோடு மூங்கிலைச் சேர்த்துக் கட்டிக் கட்டிப் பந்தல்காரர்கள் களைத்துப்போன பிறகு, கட்டணத்தை ஒரு தவணை நிறுத்திவைத்துப் பார்க்கலாமே என்று யாரோ சொல்ல, அந்த யோசனை பள்ளியின் வளர்ச்சிக்கு விரோதமானது என்று குறிப்பில் எழுதப்பட்டது.

இந்த இடத்தில்தான் தங்கபுஷ்பம் தன் வாயைத் திறந்தாள், திறந்திருக்க வேண்டாம். பாவாடை உடுத்திய பெண்பிள்ளைகள் ஏணியில் ஏறுகிறார்கள், கீழே நிற்கிறவன் கண் எங்கே போகும் என்று யாராவது யோசித்தார்களா, சுடிதார் ஆக்க வேண்டும் என்றாள். சொன்னது நியாயம்தான், அவள் மனதில் முதலில் வந்ததும் அந்த நியாயம்தான். ஆனால் தாளாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “தங்கச்சி சொல்லுதது நூத்துக்கு நூறு உண்மை, தைக்கிற வேலையையும் தங்கச்சியே எடுத்துக்கிடட்டும்” என்று சொன்னபோது, நியாயத்தின் பக்கத்தில் இன்னொன்று வந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டதை அவள் உணர்ந்தாள். அவள் அதைத் தள்ளிவிடவில்லை. பையன்களுக்கும் மாற்றிவிடலாமே என்று பொருளாளர் சொன்னபோது பையன்களுக்கு எதற்கு என்று அவள் கேட்கவும் இல்லை. சீருடைக் கட்டணம் அவள் பெயரில் நிறைவேறியது, அந்த ஒரு தீர்மானத்துக்குப் பள்ளிக்கூடம் முழு ஆள் உயரம் ஏறியது, வாழ்க்கையில் முதல்முறையாக ஊர் முழுவதும் அவளைக் கண்டால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்லியது. அவள் கடன் வாங்கிப் புதிதாக நான்கு மிஷின் போட்டாள்.

அவள் கடையில் பொத்தான் கட்டவும் ஓரம் அடிக்கவும் வந்துகொண்டிருந்த இசக்கியம்மாளின் மகள் கௌசிகாவும் வைஷாலியின் வகுப்புத்தான். அந்த மாதம் முழுக்க இசக்கியம்மாள் காலையிலிருந்து சாயந்தரம் வரை புதுச் சீருடைகளுக்குப் பொத்தான் கட்டினாள், ஊதா நிறத்தில் மடித்து மடித்து அடுக்கினாள், அடுக்கினதில் ஒன்றுகூட அவள் மகளுக்கு இல்லை. ஏணியடியில் நின்று ரசீது பார்த்து ஏற்றிவிடுகிறவன் கௌசிகாவைத் திருப்பி அனுப்பியதை வைஷாலி சொல்லித்தான் தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். இசக்கியிடம் கேட்டாள்.

“இல்லக்கா, அவ போயிட்டுத்தான் இருக்கா” என்றாள் இசக்கியம்மாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “மேல போகல. கீழ உக்காந்துக்கிடுதா. நிழலாத்தான இருக்கு.”

“ஒரு செட்டு எடுத்துக்கிட்டுப் போயேன், இசக்கி. நான் என்ன கணக்கா பாக்கப் போறேன்?”

“சீருடைய நீங்க தருவீங்க. ஏணிக்கு? போர்டுக்கு? அது என்னமோ ஆளும வளர்ச்சியாமே, அதுக்கு?” இசக்கியம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “விடுங்கக்கா. உங்க மேல எனக்கு ஒண்ணும் கிடையாது.”

அந்தக் கடைசி வார்த்தையைத் தங்கபுஷ்பம் வீடு வரை தூக்கிக்கொண்டு போனாள். இசக்கி கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்குக் கோபப்பட்டு முடித்திருப்பாள்.

அடுத்த நாள் துணி வாங்கப் போகிறவள்போலப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போய்ப் பார்த்தாள். கௌசிகா மட்டும் இல்லை, உப்பளத்துக்காரர்கள், செங்கல் சூளைக்காரர்கள், பனையேறுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் கட்டடத்தின் நிழல் விழுந்த சதுரத்துக்குள் வகுப்புவாரியாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள்; நிழல் நகர நகர, அவர்களும் ஆடுகளும் புட்டத்தைத் தேய்த்துக்கொண்டு கூடவே நகர்ந்தார்கள். மேலே தலைமையாசிரியை எமரென்சியா வகுப்பறையில் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு வராந்தாவின் விளிம்புக்கு வந்து நின்று, மேலே இருப்பவர்களுக்கும் அடியில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, மீன் ஏலம் விடுகிற குரலில் ஒளிச்சேர்க்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டால் மேலேயும் கை தூக்கினார்கள், கீழேயும் கை தூக்கினார்கள். கௌசிகா சொன்ன பதில் மேலே போய்ச் சேர்ந்தது, தலைமையாசிரியை குனிந்து சரி என்று தலையசைத்தார்.

இது பொருளாளர் காதுக்குப் போனபோது அவருக்கு வயிறு எரிந்தது. கட்டணம் கட்டியவன் பிள்ளைக்கும் கட்டாதவன் பிள்ளைக்கும் ஒரே ஒளிச்சேர்க்கை என்றால் கட்டியவன் முட்டாளா என்று கடைத்தெருவில் நின்று கேட்டார், கட்டியவர்களுக்கும் அதுவரை தோன்றாத அந்தச் சந்தேகம் அதன் பிறகு தோன்றத் தொடங்கியது. இரண்டாகப் பிரிந்து ஊர் பேசியது. நிழல் யாருடையது என்று டீக்கடையில் பேசினார்கள். சூரியனால் வருவது என்றான் ஒருவன், கட்டடத்தால் வருவது என்றான் இன்னொருவன். நிழலாவது போகட்டும், மேலிருந்து விழுகிற சத்தம் பள்ளியின் சொத்தா இல்லையா என்று ரிட்டையர்டு தாசில்தார் கேட்டார். மூன்று கட்டணம் பாக்கி வைத்திருந்த ஒருவர்கூட, இலவசமாகக் கேட்டால் பிள்ளைகளுக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று பேசினார். நிழல் கட்டணம் என்று ஒரு தீர்மானம் தயாரானது.

சனிக்கிழமை மத்தியானம், பள்ளி விடுமுறையில், குழு மேலே கூடியது. ஏணியில் ஏறிப் போய் உட்கார்ந்த பெரிய மனிதர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, காற்று நன்றாக வருகிறது, வளர்ச்சி என்றால் இதுதான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தலைமையாசிரியைக்கு ஓட்டு இல்லை, குறிப்பெழுத மட்டும் வந்திருந்தார். கீழே சனிக்கிழமை என்றும் பாராமல் ஜனம் கூடி அண்ணாந்து நின்றது. அதில் இசக்கியம்மாளும் நின்றாள்.

தங்கபுஷ்பம் இந்த முறை சுண்டலைத் தொடவில்லை. “அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டுமா” என்றாள். “நிழலுக்குத் துட்டு வாங்கினா பள்ளிக்கூடம் இன்னும் மேல போவும். மேல போனா நிழலு எங்கயோ போயி விழும். பெறவு எதுக்குத் துட்டு வாங்குதோம்?”

தாளாளர் சிரித்தார். நிழல் போய்விட்டால் பிள்ளைகள் வெயிலில் கஷ்டப்படுமே, அப்போது பந்தல் கட்டணம் என்று ஒன்றைப் போட்டு ஞானதிரவியத்திடம் ஒரு பந்தல் சொல்லிவிட்டால் போகிறது என்று அன்போடு விளக்கினார். பொருளாளர் ஆமோதித்தார். பிறகு கைகள் உயர்ந்தன. தங்கபுஷ்பம் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவளைத் தவிர எல்லோரும் தூக்கியிருந்தார்கள், தீர்மானம் நிறைவேறியது.

அதுவரை தீர்மானம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்த பிறகுதான் பள்ளிக்கூடம் உயரும். இந்த முறை அது காத்திருக்கவில்லை. ராட்டினம்போலத் தரை எல்லோரையும் மேலே தூக்கியது, ஏணி நழுவிக் கீழே விழுகிற சத்தம் கேட்டது, எட்டிப் பார்த்தால் ஜனங்களின் முகங்கள் தட்டில் பரப்பிய கடலை மாதிரிச் சிறுத்திருந்தன. காபி டம்ளர்களில் ஒன்றுகூடக் கவிழவில்லை என்பதை ஒரு பெரியவர் பெருமையாகச் சுட்டிக்காட்டினார்.

இறங்க வழி என்ன என்று அரை மணி நேரம் பேசியும் ஒன்றும் தேறாதபோது, தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டு, “தீர்மானம் போட்டு ஏறினதுன்னா, அத எடுத்தா இறங்கும்” என்று சொன்னார். எதை எடுப்பது என்பதில்தான் சண்டை வந்தது. வளைவுக்கான தீர்மானத்தை எடுக்கலாம் என்றார் பொருளாளர், வளைவில் என் தகப்பனார் பெயர் இருக்கிறது என்றார் தாளாளர். ஏணித் தீர்மானத்தை எடுக்கலாம் என்றார் தாளாளர், வாங்கின வாடகையைத் திருப்பித் தர முடியாது என்றார் பொருளாளர். ஆளுமை வளர்ச்சியை எடுக்கலாம் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னபோது, அது வாத்தியார்களுக்கு யோகா சொல்லித்தந்த தன் மருமகனுக்குப் போனது என்று ஒரு பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஸ்மார்ட் போர்டை எடுக்கலாமே என்றால், அதை யார் எங்கே வாங்கினார்கள் என்ற பேச்சு வரும் என்பதால் அதைப் பற்றி யாருமே பேசவில்லை.

தங்கபுஷ்பம் வராந்தா விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். புது மிஷின்கள் நான்கு, அவற்றின் தவணை, கடைக்குள் கூரை வரை அடுக்கியிருந்த ஊதாத் துணி, வண்டியை நிறுத்தி வைக்கிற வணக்கம், எல்லாம் ஒரு நிமிஷம் மனதில் ஓடியது. கீழே எந்தப் புள்ளி இசக்கி என்று தெரியவில்லை. தெரியாதது நல்லதுதான் என்று பட்டது, அவளுக்காகச் செய்ததாக நாளைக்கு எங்கேயும் சொல்லிக்கொள்ள முடியாது.

“சீருடைத் தீர்மானம் என்னோடது. நான் வாபஸ் வாங்குதேன். வாங்கின துட்ட எல்லாருக்கும் திருப்பிக் குடுத்திருதேன்.”

அடுத்தவர் தீர்மானத்தை ரத்து செய்ய அத்தனை கைகளும் சந்தோஷமாக உயர்ந்தன. பள்ளிக்கூடம் சரசரவென்று இறங்கியது, ஏறியதை விட அதிகமாகவே இறங்கியது என்று கீழே நின்றவர்கள் பின்னால் சத்தியம் செய்தார்கள். ஜனங்கள் ஏணியோடு ஏணி கட்டி நிமிர்த்திப் பிடித்தார்கள், கடைசிப் படிக்கும் வராந்தாவுக்கும் நடுவே ஒரு கால் எட்டும் தூரம் மட்டும் மிச்சமிருந்தது. தங்கபுஷ்பம் சேலையைச் செருகிக்கொண்டு அந்தத் தூரத்தைக் கண்ணை மூடித் தாண்டினாள். அவள் பின்னால் தலைமையாசிரியை இறங்கினார்.

மற்றவர்கள் இறங்கவில்லை. பெரிய மனிதர்கள் தாண்டிக் குதித்து இறங்கினால் மரியாதை என்ன ஆவது என்று தாளாளர் சொல்லிவிட்டார். இன்னும் ஒரே ஒரு தீர்மானத்தை எடுத்தால் படியில் கால்வைத்து இறங்கலாம், அந்த ஒன்று எது என்று முடிவு செய்யாமல் கூட்டத்தை முடிக்க முடியாது என்று உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டு ஜனங்கள் கயிற்றில் டிபன் கேரியர் கட்டி அனுப்பினார்கள், போர்வை அனுப்பினார்கள், மாத்திரை அனுப்பினார்கள். மேலிருந்து சுற்றறிக்கைகள் பறந்து வந்து விழுந்தன, தெருவில் வடை மடிக்க ஆயின. கடைசியில் தங்களைக் கிரேன் வைத்துக் கௌரவமாக இறக்குவதற்காக மாணவர்களிடம் இறங்கு கட்டணம் வசூலிப்பது என்று ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் ஒரு வேப்பிலை அளவுக்குச் சிறுத்து, மேகம் இல்லாத நாளில் மட்டும் தெரிகிற ஒன்றாக ஆகிவிட்டது. மூன்றாம் பிறை பார்ப்பதுபோல மேலே இருந்தவர்களின் வீட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். சிமெண்டுக் கடையைத் தாளாளரின் மகன் நன்றாகவே நடத்தினான்.

தங்கபுஷ்பம் சொன்னபடி திருப்பிக் கொடுத்தாள். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை, சிலர் தைத்த சீருடையையும் வைத்துக்கொண்டு துட்டையும் வாங்கிக்கொண்டார்கள். புதிய மிஷின்களைப் பைனான்ஸ்காரன் தூக்கிக்கொண்டு போனான், பழைய மிஷின்களில் இரண்டை அவளே விற்றாள். மஸ்கட்டிலிருந்து புருஷன் போனில் அரை மணி நேரம் திட்டினான், அவள் ஊதாத் துணியில் தலையணை உறை தைத்துக்கொண்டே கேட்டாள். வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வது நின்றுபோனது.

பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது பள்ளிக்கூடம் நடந்தது. அஸ்திவாரம் பெயர்ந்த பள்ளத்தில் மணல் போட்டு நிரப்பி, ரசீது இருந்த பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்தார்கள், வாத்தியார்கள் கதவுப் பலகையில் கரி பூசி எழுதினார்கள், எமரென்சியா டீச்சர் கத்த வேண்டிய அவசியமில்லாமல் நெடுநாளைக்குப் பிறகு சாதாரணக் குரலில் பேசினார். கழிப்பறைக்குக் கதவு வைத்தார்கள். ஆனால் நிழலும் கட்டடத்தோடு போய்விட்டிருந்ததால் பத்து மணிக்குமேல் மண் சுட்டது, இரண்டு சின்னப் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். ஒரு கூரை போட வேண்டும், அதற்குத் துட்டு வேண்டும், அதற்கு ஒரு கூட்டம் வேண்டும்.

கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். ஓலைக் கூரை போதும், முடிந்தவர் முடிந்ததைத் தரட்டும், முடியாதவர் வந்து கீற்று முடையட்டும் என்று தங்கபுஷ்பம் சொன்னாள். சம்மதம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று டீச்சர் கேட்டார். கைகள் தயங்கித் தயங்கி உயர்ந்தன, உயர்த்தியவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் காலடியைப் பார்த்துக்கொண்டார்கள். மண் இருந்த இடத்தில் இருந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள், சிரித்தார்கள், புதுக் குழுவுக்குப் பெயர் சொன்னார்கள், முதல் பெயராக இசக்கியம்மாளின் பெயரைச் சொன்னார்கள். கைதட்டினார்கள். அவள் தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், முகமெல்லாம் சிவந்திருந்தது, உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கையை உயர்த்தினாள்.

“கூரை போடுததுதான் போடுதோம். முன்னால ஒரு வாசலு மாதிரி, சின்னதா, பேரெல்லாம் எழுதி வச்சா என்ன? பக்கத்தூருக்காரன் பாத்தா கொட்டகைன்னு சொல்லுவான். நம்ம பிள்ளைகளுக்கும் ஒரு இது வேண்டாமா? ஆளுக்குக் கொஞ்சம் போட்டா முடிஞ்சு போவும்.”

நல்ல யோசனை என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இன்னொரு குரல் வந்தது. தங்கபுஷ்பத்தின் செருப்புக்கும் மண்ணுக்கும் நடுவே மெல்லிசாக, குளிர்ச்சியாக ஒரு காற்று நுழைந்து போனது.

அவள் யாரையும் பார்க்கவில்லை. உயர்ந்திருந்த இசக்கியம்மாளின் கையை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கி, ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய அந்த விரல்களைத் தன் மடியில் வைத்து, மேலே தன் இன்னொரு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். இசக்கியம்மாள் ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். தங்கபுஷ்பம் விடவில்லை.